தொழில்முனைவோர் பயிற்சி: சான்றிதழ் கைக்கு வருது... தொழில் வருதா? தருமபுரியை வைத்து ஒரு விளக்கம்

தருமபுரி மாவட்டத்தில் பிழைப்புக்காக வெளியூர் போவது புது விஷயம் இல்லை. பெங்களூரு, ஓசூர், திருப்பூர் என்று வீட்டுக்கு ஒருவராவது வெளியே இருப்பார்கள். மழை பொய்த்தால் அந்த எண்ணிக்கை இன்னும் கூடும்.

"வெளியூர் போறதுக்குப் பதிலா இங்கேயே ஒரு தொழில் தொடங்கலாமே?" இந்தக் கேள்வியைக் கேட்காத அதிகாரி இல்லை, மேடை இல்லை. அதற்காகவே பயிற்சிகளும் நிறைய வந்துவிட்டன. கல்லூரியில் ஒரு பாடம், நான் முதல்வன் திட்டத்தில் படிப்புகள், வங்கி நடத்தும் இலவசப் பயிற்சி, மாவட்ட தொழில் மையம் அனுப்பும் பயிற்சி, பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தின் பயிற்சி, சென்னை கிண்டியில் இருக்கும் தமிழ்நாடு அரசின் தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் நடத்தும் மூன்று நாள் வகுப்புகள்... பட்டியல் நீளும்.

சரி, இந்தப் பயிற்சிகளால் உண்மையிலேயே தொழில் வளருதா? எப்படிப்பட்ட பயிற்சி பலன் தரும், எது வெறும் சான்றிதழோடு முடிந்துபோகும்? இதற்கு உலகம் முழுக்க ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அதில் பாதி பதில் 1989-லேயே தருமபுரியில் கிடைத்துவிட்டது என்பதுதான் சுவாரஸ்யம். அங்கே போவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

முறுக்குக் கணக்கு

பென்னாகரம் பக்கம் ஒரு கிராமம். இரண்டு பெண்கள் சேர்ந்து கேழ்வரகு முறுக்கு சுட்டு விற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இது உதாரணம்தான், எண்கள் கணக்குப் புரிவதற்காகப் போட்டவை.

ஒரு நாளைக்கு 10 கிலோ முறுக்கு. மாவு, எண்ணெய், எள், பாக்கெட் கவர் எல்லாம் சேர்த்து 1,600 ரூபாய். கேஸ் 200. பஸ், லேபிள், சில்லறைச் செலவு 200. மொத்தம் 2,000 ரூபாய். கிலோ 250 ரூபாய்க்கு விற்றால் 2,500 ரூபாய் வரும். லாபம் 500.

"ஒரே நாளில் 500 ரூபாய் லாபமா, பரவாயில்லையே!" என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். உழைத்தது இரண்டு பேர். ஆளுக்கு 250 ரூபாய். 2025-26-ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட தினக்கூலியே 336 ரூபாய். அதாவது, சொந்தத் தொழில் என்ற பெயரில் இவர்கள் அதைவிடக் குறைந்த கூலிக்கு அடுப்படியில் வெந்துகொண்டிருக்கிறார்கள்.

அதோடு முடியவில்லை. 10 கிலோவில் 2 கிலோ தெருவில் தெரிந்தவர்களுக்குக் கடனாகப் போய், பணம் திரும்பி வரவில்லை என்றால்? போனது 500 ரூபாய். மிச்சம் பூஜ்யம்.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. விலையைக் கூட்டலாம், ஆனால் பாக்கெட்டும் தரமும் அதற்கு ஏற்ற மாதிரி மாறணும். பாதி கிலோ, கால் கிலோ பாக்கெட் போடலாம். கடைக்கு மொத்தமாகக் கொடுத்து பஸ் செலவைக் குறைக்கலாம். எதைச் செய்வதாக இருந்தாலும் முதலில் இந்தக் கணக்கு தெரிந்திருக்கணும். முறுக்கு சுடச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சிகள் நிறைய இருக்கின்றன. உண்மையில் நம் ஊர்ப் பெண்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையே இல்லை. தன் கூலியைச் செலவில் எழுதுவது, 'இல்லை' என்று சொல்லிக் கடனை மறுப்பது, புது ஊரில் புதுக் கடைக்காரரிடம் போய்ப் பேசுவது... இவைதான் கஷ்டம். தொழில்முனைவோர் கல்வி என்ற பெயருக்கு அர்த்தம் இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது.

தொழில் செய்ய ஆளைத் 'தயார் செய்ய' முடியுமா?

ரொம்ப காலமாக "வியாபாரம் ரத்தத்தில் ஊறியிருக்கணும்" என்றுதான் பேச்சு. குறிப்பிட்ட சில சமூகத்தினருக்குத்தான் அது வரும், மற்றவர்களுக்கு வராது என்ற நம்பிக்கை இன்றும் பலரிடம் உண்டு.

இதைச் சோதித்துப் பார்த்த இடம் அமெரிக்கா இல்லை, நம் பக்கத்து ஆந்திரா. 1964-ல் டேவிட் மெக்லெலண்ட் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர், காக்கிநாடாவைச் சேர்ந்த சிறு வியாபாரிகளை ஹைதராபாத்தில் இருந்த சிறுதொழில் பயிற்சி நிறுவனத்துக்கு வரவழைத்துப் பயிற்சி கொடுத்தார். சுமார் பத்து நாள். கணக்கு வழக்கு, சட்டம் எல்லாம் அதில் முக்கியம் இல்லை. "நான் முயற்சி எடுத்தால் நிலைமை மாறும்" என்ற மனநிலையை வளர்ப்பதுதான் நோக்கம்.

அதில் ஒரு விளையாட்டு ரொம்பப் பிரபலம். தரையில் ஒரு குச்சி நட்டிருக்கும். வளையத்தை வீசி அதில் மாட்டணும். எவ்வளவு தூரத்தில் நின்று வீசுவது என்பதை நீங்களே முடிவு செய்யலாம். நம்ம ஊர்த் திருவிழாவில் சோப்பு டப்பா மேல் வளையம் போடுவது மாதிரிதான். சிலர் குச்சிக்குப் பக்கத்திலேயே நின்றுகொள்வார்கள், கட்டாயம் விழும். சிலர் ரொம்பத் தூரம் போய் நிற்பார்கள், விழுந்தால் அதிர்ஷ்டம். சிலர் மட்டும் நடுவில் நிற்பார்கள். கஷ்டம்தான், ஆனால் பழகினால் முடியும் என்கிற தூரம். தொழிலில் நிலைப்பவர்கள் இந்த மூன்றாவது வகை என்பது மெக்லெலண்டின் வாதம். தொழில்முனைவோர் என்றாலே சூதாடி மாதிரி துணிச்சல்காரர் என்று நாம் நினைப்பதற்கு இது நேர் எதிர்.

பயிற்சி முடிந்த பிறகு அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் புதிய முதலீடு, புதிய வேலை என்று கூடுதலாக முயற்சி எடுத்திருந்தார்கள். சாதியோ, பழைய நம்பிக்கைகளோ, வேட்டியா பேண்டா என்பதோ இதைத் தீர்மானிக்கவில்லை என்பது முக்கியமான முடிவு. 1969-ல் இது புத்தகமாகவே வந்தது.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. காக்கிநாடா வியாபாரிகளிடம் ஏற்கெனவே கடை இருந்தது, கையில் கொஞ்சம் பணமும் இருந்தது. மனநிலை மாறியதும் செயலில் இறங்க அவர்களால் முடிந்தது. ஏரியூரில் ஆடு மேய்க்கும் குடும்பத்துப் பெண்ணுக்கு மனநிலை மட்டும் மாறினால் போதுமா?

தர்மஸ்தலாவிலிருந்து தருமபுரிக்கு

அந்தக் கேள்விக்கு ஒரு பதில் கர்நாடகத்திலிருந்து வந்தது. 1982-ல் தர்மஸ்தலா பக்கத்தில் உள்ள உஜிரே என்ற ஊரில், தர்மஸ்தலா மஞ்சுநாதேஸ்வரா கல்வி அறக்கட்டளையும் சிண்டிகேட் வங்கி, கனரா வங்கி இரண்டும் சேர்ந்து ஒரு பயிற்சி நிலையம் தொடங்கின. கிராமத்து இளைஞர்களுக்குத் தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் இலவசம். பயிற்சி முடிந்ததும் வங்கியோடு இணைத்துவிடுவது, பிறகும் தொடர்ந்து விசாரிப்பது என்பதுதான் அதன் சிறப்பு.

இதைப் பார்த்துத்தான் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் மாவட்டத்துக்கு ஒன்று என 'ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம்' தொடங்கச் சொன்னது. அந்தந்த மாவட்டத்தின் முன்னோடி வங்கிக்கு அந்தப் பொறுப்பு. தருமபுரிக்கு இந்தியன் வங்கி. தையல், அழகுக்கலை, கறவை மாடு, ஆடு வளர்ப்பு, செல்போன் பழுதுநீக்கம் மாதிரியான பயிற்சிகளை இப்படிப்பட்ட நிலையங்கள் நடத்துகின்றன. கைத்தொழிலோடு சேர்த்து தொழில்முனைவு வகுப்பும் உண்டு. உஜிரே வழியில் வந்த இந்த வகுப்புகளில் மெக்லெலண்டின் அதே வளைய விளையாட்டு இன்றும் ஆடப்படுகிறது. பயிற்சி முடிந்து 2 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்து உதவ வேண்டும் என்பதும் இந்த நிலையங்களுக்கான விதி.

இந்த '2 ஆண்டு' என்ற வார்த்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

சரி, பயிற்சியால் வருமானம் கூடுதா?

கூடுகிறது. ஆனால் விளம்பரத்தில் சொல்கிற அளவுக்கு இல்லை. வளரும் நாடுகளில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த உலக வங்கிப் பொருளாதார நிபுணர் டேவிட் மெக்கென்சி, சிறு தொழில் பயிற்சிகளால் விற்பனையும் லாபமும் சராசரியாக 5 முதல் 10 சதவீதம் கூடுவதாக 2021-ல் எழுதினார். முறுக்குக் கணக்கில் பார்த்தால், 500 ரூபாய் லாபம் 550 ஆகும். அவ்வளவுதான்.

ஆனால் சராசரி என்பது பல விஷயங்களை மறைக்கும். எந்த மாதிரி பயிற்சி, யாருக்கு என்று பிரித்துப் பார்த்தால் படமே மாறுகிறது.

இலங்கையில் கொழும்பு, கண்டி பகுதிப் பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வு இது. ஏற்கெனவே தொழில் செய்துகொண்டிருந்த பெண்களுக்குப் பயிற்சி மட்டும் கொடுத்தபோது லாபம் கூடவில்லை. பயிற்சியோடு கொஞ்சம் பணமும் கொடுத்தபோது கூடியது, ஆனால் கொஞ்ச காலத்துக்குத்தான். அதே நேரம், இனிமேல்தான் தொழில் தொடங்கப் போகிறோம் என்றிருந்த பெண்களுக்கு அதே பயிற்சி நல்ல பலன் தந்தது. அவர்கள் சீக்கிரம் தொடங்கினார்கள், கொஞ்சம் மேலான லாபத்தோடும் நடத்தினார்கள். ஆக, 'எல்லாருக்கும் ஒரே பாடத்திட்டம்' என்பது இங்கேயே அடிபட்டுப் போகிறது.

டொமினிக்கன் குடியரசில் இன்னொரு சோதனை. ஒரு குழுவுக்கு முறையான கணக்கியல் பாடம். இன்னொரு குழுவுக்கு எளிய விதிகள் மட்டும். கடைப் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் தனித்தனி இடத்தில் வை, வீட்டுக்கு எடுத்தால் எழுதி வை, இந்த மாதிரி. கணக்கியல் பாடம் படித்தவர்களிடம் பெரிய மாற்றம் இல்லை. எளிய விதி கற்றவர்கள் கணக்கை ஒழுங்காக வைத்தார்கள். நம் அம்மாக்கள் அஞ்சறைப் பெட்டியில் சீட்டுப் பணம் ஒரு பக்கம், பால் பணம் ஒரு பக்கம் என்று பிரித்து வைப்பார்களே, அதே புத்திதான். அதை விட்டுவிட்டு முதல் நாளே ஐந்தொகை, தேய்மானம் என்று பலகையில் எழுத ஆரம்பித்தால் மறுநாள் வகுப்பில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள்.

மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோவில் 1,500 சிறு தொழில் செய்பவர்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குப் பயிற்சியே இல்லை. இன்னொன்றுக்கு வழக்கமான வணிகப் பயிற்சி. மூன்றாவது பிரிவுக்கு 'தானே முன்வந்து செய்வது' பற்றிய பயிற்சி: அடுத்தவர் செய்வதையே செய்யாமல் வேறு எப்படிச் செய்யலாம், தடை வந்தால் எந்தப் பக்கம் சுற்றிப் போகலாம் என்பது மாதிரி. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கவனித்ததில் மூன்றாவது பிரிவின் லாபம் 30 சதவீதம் கூடியது. வழக்கமான பயிற்சி பெற்றவர்களுக்குக் கிடைத்த உயர்வு, பயிற்சியால்தான் வந்தது என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. 2017-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியான முடிவு இது. காக்கிநாடாவில் அந்தப் பேராசிரியர் தொட்ட விஷயத்துக்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகு கிடைத்த சாட்சி என்றுகூட இதைச் சொல்லலாம்.

தோழியோடு போனால்?

இந்த ஆய்வுகளிலேயே நம் ஊருக்கு ரொம்ப நெருக்கமானது அகமதாபாத்தில் நடந்தது. அங்கே சேவா வங்கி என்று ஒன்று இருக்கிறது. சிறு தொழில் செய்யும் ஏழைப் பெண்களுக்கான வங்கி. அதன் வாடிக்கையாளர்களுக்கு இரண்டு நாள் வணிகப் பயிற்சி கொடுத்தார்கள். சிலரைத் தனியாக வரச் சொன்னார்கள். சிலரை ஒரு தோழியோடு வரச் சொன்னார்கள். பாடம் ஒன்றுதான், ஆசிரியரும் ஒன்றுதான்.

நான்கு மாதம் கழித்துப் பார்த்தால், தோழியோடு வந்தவர்கள் தொழிலுக்காகக் கடன் வாங்கியிருந்தார்கள், அவர்களின் குடும்ப வருமானமும் கூடியிருந்தது. தனியாக வந்தவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. பெண்கள் வெளியே போய்வரக் கட்டுப்பாடு அதிகம் உள்ள சமூகத்துப் பெண்களிடம் தோழியின் பலன் இன்னும் கூடுதல்.

ஏன் என்று யோசித்தால் புரியும். பயிற்சியில் "கடைக்காரரிடம் விலை பேசுங்க" என்று சொல்வது சுலபம். வீட்டுக்கு வந்த பிறகு மாமியார் ஒரு மாதிரி பார்ப்பார், வீட்டுக்காரர் "எதுக்கு இந்த வேலை" என்பார். அப்போது பக்கத்துத் தெருவில் "வா, நானும் வர்றேன்" என்று சொல்ல ஒருத்தி இருந்தால்தான் கால் நகரும்.

தருமபுரிக்காரர்களுக்கு இது புதுசா என்ன? தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழு என்ற அமைப்பே தொடங்கிய மாவட்டம் இது. 1989-ல் ஐ.நா.வின் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் இங்கேதான் முதல் குழுக்களைத் தொடங்கியது. (அப்போது கிருஷ்ணகிரியும் இதே மாவட்டம்தான், 2004-ல்தான் பிரிந்தது.) பிறகு சேலம், தென்னாற்காடு, மதுரை, ராமநாதபுரம் என்று திட்டம் பரவியது. 1997-98-ல் 'மகளிர் திட்டம்' என்ற பெயரில் மாநிலம் முழுக்கப் போனது.

அந்தக் குழுக்களில் நடந்தது என்ன? ஒன்றாக உட்கார்ந்து, சிறுகச் சிறுகச் சேமித்து, நோட்டில் எழுதி, அதிலிருந்தே ஒருவருக்கொருவர் கடன் கொடுத்தார்கள். யாருக்குக் கொடுப்பது, எதற்குக் கொடுப்பது, திரும்பி வருமா என்று பேசி முடிவெடுத்தார்கள். கையெழுத்துப் போடவும் வங்கிக்குள் நுழையவும் பயம் போனது. யாரும் அதைத் 'தொழில்முனைவோர் படிப்பு' என்று சொல்லவில்லை. ஆனால் கடன் கேட்டு வருபவரின் தொழிலை எடைபோடுவது, கணக்கு வைப்பது, தவணை தவறினால் என்ன செய்வது என்பதை எல்லாம் கற்றுக்கொடுத்த வகுப்பு அதுதான். பாடத்திட்டம் எழுதுகிறவர்கள் அகமதாபாத் ஆய்வைப் புரட்டுவதற்கு முன், பக்கத்துக் கிராமத்துக் குழு நோட்டைப் புரட்டலாம்.

குறை இல்லாமலும் இல்லை. கடன் சுலபமாகக் கிடைக்கத் தொடங்கியதும் பல குழுக்கள் கடன் வாங்கும் குழுவாகவே சுருங்கிவிட்டன என்ற விமர்சனம் நியாயமானது. கல்யாணம், மருத்துவச் செலவு, பழைய கடன் என்று பணம் போய்விடும். அதைத் தப்பு என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் தொழிலுக்கு வழி அதுவல்ல.

2004-ல் இன்னொரு பாடம்

பெண்கள் குழு மட்டும் இல்லை, விவசாயத்திலும் தருமபுரிக்கு ஓர் அனுபவம் உண்டு. 2004-லிருந்து 2007 வரை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 400 ஹெக்டேரில் துல்லியப் பண்ணையத் திட்டத்தை நடத்தியது. சொட்டுநீர்க் குழாய் வழியாகவே உரம் கொடுப்பது, குழித்தட்டு நாற்று என்று தக்காளி, மிளகாய் போன்ற காய்கறிகளைப் பயிர் செய்யும் முறை. முதல் ஆண்டு சேர்ந்தவர்களுக்கு 100 சதவீத மானியம், அடுத்த ஆண்டு 90, அதற்கடுத்த ஆண்டு 80.

மானியம் குறைந்துகொண்டே போனதைக் கவனித்தீர்களா? முதலில் யாரும் நம்ப மாட்டார்கள், அதனால் முழு மானியம். பக்கத்துத் தோட்டத்தில் விளைந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு, கைக்காசு போட்டும் சேர ஆள் வந்தார்கள். வகுப்பறை இல்லை, பக்கத்து வரப்புதான் பள்ளிக்கூடம். விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்ததும் இந்தத் திட்டத்தில் நடந்தது. ஒரு தொழில் பயிற்சியை வடிவமைப்பவர்களுக்கு இதில் கற்க நிறைய இருக்கிறது.

கல்லூரியில் என்ன நடக்குது?

இங்கே நேரடியாகச் சொல்லிவிடலாம். பல கல்லூரிகளில் தொழில்முனைவு என்பது ஒரு தாள். "தொழில்முனைவோரின் பண்புகள் யாவை?" என்பது பத்து மார்க் கேள்வி. தன்னம்பிக்கை, துணிவு, தலைமைப் பண்பு என்று பத்துப் பாயின்ட் எழுதினால் பத்து மார்க். அதை எழுதிய மாணவரிடம் "பாலக்கோடு மார்க்கெட்டில் இன்னைக்குத் தக்காளிப் பெட்டி என்ன விலை?" என்று கேட்டால் தெரியாது. அவருடைய அப்பாவே அந்த மார்க்கெட்டுக்குத் தக்காளி கொண்டுபோகிறவராக இருக்கலாம்.

2022 மார்ச் 1-ம் தேதி தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தால் கல்லூரி மாணவர்களுக்குத் திறன் படிப்புகள் கிடைத்திருக்கின்றன. பள்ளிகளில் 'பள்ளி புத்தாக்க மேம்பாட்டுத் திட்டம்' வழியாக மாணவர்கள் தங்களைச் சுற்றியுள்ள ஒரு பிரச்சினையைக் கண்டுபிடித்துத் தீர்வு யோசிக்கிறார்கள். நல்ல முயற்சிகள்தான். ஆனால் யோசனைப் போட்டியில் பரிசு வாங்குவது வேறு, பொருளை விற்றுக் காசை வாங்கிவருவது வேறு.

தருமபுரிக்கென்று ஒரு பாடத்திட்டம் எழுதினால் எப்படி இருக்கலாம்? முதல் மாதம் புத்தகமே வேண்டாம். பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டுக்கு விடியற்காலையில் போய், ஒரு பெட்டிக்கு விவசாயிக்கு எவ்வளவு, மண்டி கமிஷன் எவ்வளவு, ஏற்றுகூலி எவ்வளவு, சில்லறைக் கடையில் எவ்வளவு என்று எழுதி வரட்டும். விலை சரிந்து தக்காளியைச் சாலையோரம் கொட்டும் நாளில் போனால் இன்னும் நல்லது. "இதைக் காயவைத்து விற்றால் என்ன, கூழாக்கினால் என்ன, இயந்திரம் என்ன விலை, மற்ற பத்து மாதம் அந்த இயந்திரம் சும்மா கிடக்குமே" என்ற கேள்வி எல்லாம் அங்கே தானாக வரும். புளிக்கும் அப்படித்தான். கொட்டையோடு விற்கும் விலைக்கும் கொட்டை எடுத்து விற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம் என்ன, அதில் கொட்டை எடுக்கும் பெண்ணுக்குக் கூலியாகப் போவது எவ்வளவு? தருமபுரி பட்டுக்கூடு அங்காடி, சித்தேரி மலைச் சாமை, வத்தல்மலைக் காபி, மிளகு என்று பாடத்துக்குப் பஞ்சமே இல்லாத மாவட்டம் இது.

இரண்டாவது மாதம் ஆளுக்கு 500 ரூபாய். எதையாவது வாங்கி விற்று வரணும். நஷ்டமானாலும் பரவாயில்லை, ஏன் நஷ்டம் என்று எழுதினால் மார்க் உண்டு. 500 ரூபாயில் தோற்றுப் பழகாதவரிடம் 5 லட்சம் கடனைக் கொடுப்பது அவருக்குச் செய்யும் உதவி இல்லை. பாடம் நடத்தவும் பேராசிரியர் மட்டும் போதாது. கடை வைத்து ஜெயித்தவர் ஒரு நாள் வரட்டும், கடை மூடியவர் இரண்டு நாள் வரட்டும்.

மானியத்துக்காகப் பயிற்சியா, பயிற்சிக்காக மானியமா?

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் ரூபாய் வரை, சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை திட்டம் போடலாம். கிராமப்புறத்தில் பொதுப் பிரிவினருக்கு 25 சதவீதம், பெண்கள், பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் சமூகத்தினர் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு 35 சதவீதம் மானியம். தமிழ்நாடு அரசின் 'நீட்ஸ்' திட்டத்தில் 10 லட்சம் முதல் 5 கோடி வரையிலான திட்டங்களுக்கு 25 சதவீதம், அதிகபட்சம் 75 லட்சம். பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 2023-ல் வந்த அண்ணல் அம்பேத்கர் திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் ஒன்றரைக் கோடி. எல்லாவற்றுக்கும் போய் நிற்க வேண்டிய இடம் மாவட்ட தொழில் மையம். விதிகள் அவ்வப்போது மாறும், விண்ணப்பிக்கும் முன் அங்கேயே இன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிரதமரின் திட்டத்தில் குறிப்பிட்ட தொகைக்கு மேல் போனால் தொழில்முனைவோர் பயிற்சி கட்டாயம். பெரிய திட்டத்துக்குப் பத்து நாள், சின்னதுக்கு அதைவிடக் குறைவு. விளைவு என்ன? பயிற்சிக்கு வருகிறவர்களில் பலர் வருவது சான்றிதழுக்காக. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து செல்போன் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போகிறார்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம். மானியம் உங்கள் கையில் வராது. இந்தத் திட்டத்தில் அந்தத் தொகை உங்கள் பெயரில் வங்கியில் 3 ஆண்டு வைப்பாக இருக்கும். தொழில் ஒழுங்காக நடந்தால்தான் பிறகு கடனில் கழிப்பார்கள். "35 பர்சென்ட் சும்மா வருது" என்று யாராவது சொல்லி முன்பணம் கேட்டால் நம்பாதீர்கள். 'உத்யம்' பதிவுகூட ஆன்லைனில் முழுக்க இலவசம்.

சேரும் முன் என்ன கேட்கணும்?

எந்தப் பயிற்சியாக இருந்தாலும் மூன்றே கேள்வி கேட்டுப் பாருங்கள். போன வருஷம் இதே பயிற்சியை முடித்தவர்களில் இப்போது தொழில் செய்கிறவர் யார், அவரைப் போய்ப் பார்க்கலாமா? பயிற்சி நாட்களிலேயே எதையாவது செய்து விற்க வைப்பீர்களா? முடிந்த பிறகு யார் என்னை வந்து பார்ப்பார், எத்தனை மாதம்? வங்கிப் பயிற்சி நிலையம் என்றால் அந்த '2 ஆண்டு' விதியைச் சொல்லியே கேட்கலாம். அது நீங்கள் கேட்கும் சலுகை இல்லை, அவர்களுடைய வேலை.

பட்டப்படிப்பு முடித்து, ஓர் ஆண்டு சென்னையில் தங்கிப் படிக்க முடியும் என்பவர்களுக்கு, கிண்டி நிறுவனம் அகமதாபாத்தில் உள்ள இந்திய தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனத்தோடு சேர்ந்து நடத்தும் ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்பு ஒரு வழி. வீட்டை விட்டு நகர முடியாதவர்களுக்கு மாவட்டத்துக்குள்ளேயே நடக்கும் வங்கிப் பயிற்சியும் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையமும்தான் முதல் இடம். காளான், சிறுதானிய மதிப்புக்கூட்டல் மாதிரி விளைபொருள் சார்ந்த யோசனை என்றால் இரண்டாவது இடத்துக்கே நேராகப் போகலாம்.

வங்கிப் பயிற்சிக்குப் போகும்போது ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் பாஸ்புக், கல்விச் சான்றிதழ், புகைப்படம் எல்லாவற்றின் நகலையும் எடுத்துக்கொள்ளுங்கள். குழுவில் இருப்பவர் என்றால் குழு விவரமும் இருக்கட்டும். அப்படியே உங்களோடு சேர்ந்து தொழில் செய்யக்கூடிய தோழியையும் கூட்டிப் போங்க. அவருடைய ஆதார் நகலும் ஒரு செட் கையில் இருக்கட்டும்.